பிற்பாதி சொல்ல ஓர் ஆள்

உங்களுக்கெல்லாம் மனநல வேலையில் சேர்ந்த உடனே ஓர் அட்டை கொடுத்துவிடுகிறார்களாமே! லேமினேட் செய்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வேறு. போன மாதம் என்னைப் பார்க்க வந்த உங்கள் ஆட்களில் ஒரு பெண் பெருமையாக எடுத்துக் காட்டினாள். கண்ணில் படுவதில் ஐந்து சொல், தொட்டுத் தெரிவதில் நான்கு சொல், காதில் கேட்பதில் மூன்று, மூக்குக்கு இரண்டு, நாக்குக்கு ஒன்று. எங்கோ பறக்கிற மனசைப் பிடித்து இந்த இடத்துக்கு, இந்த நிமிடத்துக்குக் கொண்டுவருகிற பயிற்சி. நல்ல அட்டைதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்தில் இது ஜெராக்ஸ் தாளாக வந்தது. அதிலும் பாதி எழுத்து தெரியாது.

ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன். ஆளே இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று பயந்துபோய் உன் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம், காதில் கேட்பதில் மூன்று சொல்லுங்கள் என்று கேட்டால் அவர் முதலில் எதைச் சொல்வார்? அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் மருத்துவமனையின் டெலிபோன் நம்பர்தான் இருந்தது.

அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை எந்த வீட்டில், யார் கையில், எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள் என்கிறேன். இதைச் சும்மா சொன்னால் உங்களுக்கு ஏறாது. சகாயமேரி கதையைச் சொல்கிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நான் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் மன்னார்குடியில் எங்களுக்கு முகாம். டாக்டர், நர்ஸ், நான், மாத்திரைப் பெட்டி என்று எல்லோரும் ஒரே ஜீப்பில் போய் இறங்குவோம். சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீட்டில் ஆம்பளைகள் இல்லாத காலம் அது. துபாய், குவைத், சிங்கப்பூர் என்று கிளம்பியிருந்தார்கள். அதற்கு வழியில்லாதவர்கள் திருப்பூர். கீற்றுக் கூரை இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு, உள்ளே மொசைக் தரை, மூலையில் ஒரு டெலிபோன். வீடு பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து எங்களிடம் வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம்.

சகாயமேரியை அவளுடைய மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுப் பெண், பத்தாவது வரை படித்தவள். கணவர் குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார், ஒரே மகள் இரண்டாம் வகுப்பில். கத்தோலிக்கக் குடும்பம். மாமியாரும் சரி, சகாயமேரியின் அம்மாவும் சரி, அடுத்தவர் பண்ணையில் நடவும் களையெடுப்பும் செய்தே காலத்தை ஓட்டியவர்கள். இந்தத் தலைமுறையில்தான் சொந்த வீடு, சொந்தமாகக் கொஞ்சம் நிலம்.

முதலில் பாத்திரம் கழுவும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்ததாம். போய்ப் பார்த்தால் ஒருவருமில்லை. அப்புறம் தினமும் வந்தது. வயசான ஒரு பெண்ணின் குரல். முதலில் பெயர், பிறகு ஏச்சு, பிறகு உத்தரவு. 'போதும், கெளம்பு, வாய்க்காலுக்கு வா' என்று. இவள் பதில் பேச ஆரம்பித்ததும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. டாக்டர் மாத்திரை கொடுத்தார். குரல் தேய்ந்தது, ஆனால் போகவில்லை. மிச்சத்தோடு எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை.

நான் பயிற்சியில் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்திருந்த சமயம். வெறுங்காலோடு மண்ணில் நில்லுங்கள், மண் உங்களைத் தாங்குவதை உணருங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டெல்டாவில் மண்ணுக்கா பஞ்சம்! சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, ரோட்டின் இரண்டு பக்கமும் உழுது தண்ணீர் கட்டிய வயல். "குரல் வந்துச்சுன்னா நேரா போயி வயல்ல கொஞ்ச நேரம் எறங்கி நில்லும்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்கே ரொம்ப அழகாகப் பட்டது.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா காலம் பூரா சேத்துலதான்க்கா நின்னுச்சு. காலெல்லாம் சேத்துப்புண்ணு. வரப்புல கொடையப் புடிச்சிக்கிட்டு ஒருத்தரு நிப்பாரு, இடுப்பு வலிக்குதேன்னு நிமிந்தா கத்துவாரு. நான் எறங்க மாட்டேன்."

சரி, உனக்குக் கால் வைத்தால் தெம்பு வருகிற இடம் எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எங்க வூட்டு மொசைக்கு" என்றாள். பக்கத்திலிருந்த மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மருமகளுக்குப் புத்தி சரியில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். மண் என்றால் எல்லோருக்கும் தாய் மடி என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்தவர் மண்ணில் நாள் பூரா குனிந்து நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அது வேறு. அவர்கள் பாடுபட்டுத் தப்பித்து வந்த இடத்துக்கே திரும்பிப் போய் நில் என்று சொல்வதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

அதனால் மொசைக் தரையை வைத்தே ஆரம்பித்தோம். குரல் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் நிற்க வேண்டும். தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் கிடக்கிற கல் துணுக்குகளின் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று. மனசுக்குள் சொன்னால் பலிக்காது. உதடு அசைந்து சத்தம் வர வேண்டும், தன் குரல் தன் காதில் விழ வேண்டும். கண்ணை மூடக் கூடாது. கண்ணை மூடினால் அந்தக் குரலுக்குத்தான் கொண்டாட்டம். கடைசியில் அதனிடம், 'எனக்கு இப்ப வேல இருக்கு, அப்பறம் வா' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போக வேண்டும். சண்டை போடக் கூடாது, கெஞ்சவும் கூடாது. வாசலில் வந்து நிற்கிற விற்பனைக்காரரிடம் பேசுகிற மாதிரி.

கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது பொருள் வேண்டும் என்றேன். இடுப்பில் செருகியிருந்த செபமாலையை எடுத்துக் காட்டினாள். மர மணிகள், விரல் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தன. இதைவிட நல்ல பொருள் எது? கோயிலுக்குப் போகிற பெண் கையில் செபமாலை இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மணியை உருட்டு, அந்த வழவழப்பு விரலில் தெரியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பகலில் நன்றாகவே பலித்தது. அடுத்தடுத்த முகாம்களில் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் வா என்றால் அது முணுமுணுத்துக்கொண்டே போய்விடுகிறதாம். ஆனால் பொழுது சாய்ந்தால் எதுவும் பலிக்கவில்லை. செபம் சொல்கிற நேரம் வந்ததும் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பிறகு தூங்கும்வரை விடுவதில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அங்கேயே தூங்கி விழுந்தாள். டாக்டர் மறுபடி குறைத்தார். எங்கள் டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "பகல்ல வேலை செய்யற மாத்திரை சாயங்காலம் மட்டும் லீவு போடாது. அந்த வீட்டுல சாயங்காலம் என்ன நடக்குது?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முகாமில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ளக் கூடிய விஷயமும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் மட்டும் தனியாக வந்தார். முந்தின நாள் அந்தி நேரத்தில் சகாயமேரி செபமாலையும் கையுமாக எழுந்து நடந்திருக்கிறாள். வாய்க்காலில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். படித்துறையில் இறங்கி நின்றவளை, கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்டது, இப்போது அவளோடு யார் இருக்கிறார்கள் என்றுதான். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம். சகாயமேரியின் அக்கா வந்து கூடவே இருக்கிறாள், சாயங்காலம்தான் போவாள் என்றார்.

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். கடற்கரைப் பக்கம் ஓர் இடத்தில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்துக் குணமாக்குகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் வேன் வருகிறது. பேத்தியைக் கன்னியர் விடுதியில் சேர்க்கப் பேசியாயிற்று. தகரப் பெட்டிகூட வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மகனுக்கு விடுமுறை, சாயங்காலம் போன் பண்ணுவான், அவன் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இத்தனையையும் சொல்லிவிட்டு, "நான் ஒத்தக் கட்டை. வயசாயிடுச்சு. அவ தண்ணியில எறங்கிட்டான்னா எம்மவனுக்கு நான் என்னத்தம்மா பதில் சொல்றது?" என்று அழுதார்.

அவர் கெட்டவர் இல்லை. மருமகளைக் கட்டிப்போட நினைக்கிற மாமியார் என்று உடனே முத்திரை குத்திவிடாதீர்கள். பயந்தவர்கள் செய்கிற காரியம் வெளியிலிருந்து பார்த்தால் கொடுமை மாதிரிதான் இருக்கும்.

தஞ்சாவூரில் வார்டில் சேர்க்கலாம் என்றேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பெயர் வந்தால் பேத்தியை நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். வேனில் ஏறினால் மட்டும் பெயர் வராதா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு படுக்கை காலியா வெச்சிருக்கேன். நீங்க போய்ப் பாருங்க. ஆபத்துன்னு தோணுச்சுன்னா அவங்க சம்மதத்துக்குக் காத்திருக்காதீங்க, எனக்கு போன் பண்ணுங்க, வண்டி அனுப்பறேன்" என்றார். ஜீப் நானில்லாமல் தஞ்சாவூருக்குத் திரும்பியது. நான் மாமியாரோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது சகாயமேரி கூடத்தில் மொசைக் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். வேன் வரப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி அவள் கண் முன்னாலேயே இருந்தது, மேலே மகளின் பெயர்கூட எழுதியாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தக் குரல் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா, சாக வேண்டும் என்று இருக்கிறதா என்று. நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் அவர்கள் தனியாகச் சுமப்பார்கள்.

"சாவணும்னு இல்லக்கா. எம்புள்ளய விட்டுட்டு நான் எங்க போவேன்? ஆனா பொழுது சாஞ்சா எங்கிட்ட பேசறது அது ஒண்ணுதான். கூப்புட்டுக்கிட்டே இருந்தா எவ்வளவு நேரந்தான் ஒக்காந்திருக்கறது?"

அந்த இரண்டாவது பேச்சை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. முதல் பேச்சில் கொஞ்சம் மூச்சு வந்ததால் அதிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா கிளம்பிப் போனாள். கோயில் மணி அடித்ததும் மாமியார் பேத்தியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். சாமி படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

செபமாலை சொல்கிற முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேறு சாமி கும்பிடுகிறவள், எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம். அந்தச் செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்வார். பிற்பாதியை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். உடனே அவர் அடுத்த மணிக்குப் போவார். நடுவில் பார்த்து வாசிக்க வேண்டிய பகுதிகள் இருப்பதால் அந்த வீட்டில் முன்பாதி எப்போதும் படித்தவளான சகாயமேரிதான். கணவர் ஊரில் இருந்தபோது அவரும் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பிற்பாதி சொல்வார்களாம்.

சகாயமேரி முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் கிடந்த செபமாலை அசையவில்லை. பிற்பாதி சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கூடம் அமைதியாக இருந்தது. சகாயமேரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு மணியைத் தள்ளிவிட்டு அடுத்த முன்பாதியைச் சொன்னாள். மறுபடியும் அதே அமைதி, அதே சாய்ந்த தலை.

அவள் சும்மா நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து நிறுத்தலாமா என்று தோன்றியது. செபத்தின் நடுவில் வேற்று ஆள் குறுக்கே பேசினால் அந்த வீட்டில் அதற்கப்புறம் என் பேச்சு எடுபடாது. ஒரு சுற்று முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் புத்தகத்தைப் புரட்டியபோது மெதுவாகக் கேட்டேன்.

"சகாயமேரி, பிற்பாதி யாரும்மா சொல்றாங்க?"

அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அதுதான்க்கா சொல்லுது. ரொம்ப நாளா அதுதான் சொல்லுது."

மாமியார் சடாரென்று திரும்பினார். தான் வாயை மூடிக்கொண்ட இடத்தில் யார் வந்து உட்கார்ந்தது என்று அவருக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. எனக்கும்தான். மணியைப் பிடித்துக்கொள் என்று நான் கொடுத்தது பாதிச் செபம். மீதிப் பாதியைச் சொல்ல ஆள் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் அந்தக் குரலுக்கென்று இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவரைக் கொல்லைப்பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் இருப்பவள் கண்ணில் படுகிற மாதிரிதான் நின்றோம். ஏன் பதில் சொல்வதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பேய் பிடித்த வாயிலிருந்து வருகிற செபத்துக்குப் பதில் சொன்னால் தன்னையும் பிடித்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்களாம், அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்களாம். அதோடு விட்டிருப்பேன். ஆனால் அவர் போகாமல், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார். சிலர் அப்படி நிற்பார்கள். அப்போது நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அது ரொம்பக் கஷ்டம்.

"எங்க வூட்டுக்காரரு செத்த வருஷம்" என்று ஆரம்பித்தார், "இதே கொல்லையில நின்னுக்கிட்டு பேரச் சொல்லிக் கூப்புடுவாரும்மா. நல்லாக் கேக்கும். நானும், இருங்க வரேன்னு எந்திரிச்சு வருவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. இவ வந்து குரல் கேக்குதுன்னு சொன்னப்ப, எங்கிட்டேருந்துதான் இவளுக்குப் போயிடுச்சோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

கூடவே வாழ்ந்தவர்களைப் பறிகொடுத்த ரொம்பப் பேருக்கு அப்படிக் கேட்கும் என்றேன். அது பேயும் இல்லை, நோயும் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை என்றேன். நம்பாமல் பார்த்தார். அப்புறம் எப்படி நின்றது என்று கேட்டேன்.

"பேத்தி பொறந்தா. வூடு பூரா சத்தமாப்போச்சு. எப்ப நின்னுச்சுன்னே தெரியல" என்றார்.

சொல்லிவிட்டு அவரே கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் பிற்பாதி சொல்லிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பேத்தியையும் கூப்பிடலாமா என்று அவர் கேட்டார்.

மறுபடி உட்கார்ந்தார்கள். குழந்தை அம்மாவின் மடியை ஒட்டி உட்கார்ந்தது. சகாயமேரி முன்பாதி சொல்லி நிறுத்தியதும் மாமியார் ஆரம்பித்தார். ரொம்ப நாள் சொல்லாததால் குரல் பிசிறியது. குழந்தை கணீரென்று சேர்ந்துகொண்டது. சகாயமேரி அடுத்த மணிக்குப் போக மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஆவட்டும், சொல்லு" என்றார் மாமியார், கொஞ்சம் அதட்டலாகவே.

நடுவில் டெலிபோன் அடித்தது. மாமியார் எழுந்து போய் எடுத்து, "நாங்க செபம் சொல்லிக்கிட்டிருக்கம், அப்பறமாக் கூப்புடுப்பா" என்று வைத்துவிட்டார். குவைத்தில் போனுக்காக வரிசையில் நின்று காத்திருந்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

முடிந்ததும் சகாயமேரியிடம் கேட்டேன், இப்போது எப்படி இருக்கிறது என்று. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"இன்னும் சொல்லுதுக்கா. ஆனா அத்த சத்தம் பெருசா இருக்கு."

மறுபடி போன் வந்தபோது மாமியார் மகனிடம் வேன் வேண்டாம் என்றார். பேத்தி வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போவாள் என்றார். ஏன் என்று மகன் கேட்டிருக்க வேண்டும். "ரெண்டு பேரா இருந்தா செபம் சொல்ல ஆளு பத்தாது" என்றார் மாமியார்.

ஒரு சாயங்காலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் படுக்க வேண்டும், கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை மாமியார் வைத்துக்கொள்ள வேண்டும், அக்கா கொஞ்ச நாள் வந்து தங்க வேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, மறுபடி வாய்க்கால் பேச்சு வந்தால் அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் பேசி முடித்து, டாக்டருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் அந்தப் படுக்கையை அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

சகாயமேரிக்குக் குரல் நிற்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு தடவை ரொம்பக் கூடிப்போய் எங்கள் வார்டில் சேர்த்தோம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொன்ன அதே மாமியார் படுக்கைக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டு, சாயங்காலமானால் வார்டுக்கே கேட்கிற மாதிரி பிற்பாதி சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் என்னிடம் புகார் செய்தார்கள். தகரப் பெட்டியில் பழைய புடவைகளைப் போட்டு வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

மாமியார் இறந்தபோது எனக்குத் தகவல் வந்து போயிருந்தேன். அழுது முடித்ததும் சகாயமேரி என்னிடம் கேட்டது, சாயங்காலம் என்ன செய்வது என்றுதான். கணவருக்கு இன்னும் குவைத்தில்தான் வேலை, மகள் அப்போது சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளே ஒரு வழி செய்தாள். அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்து, செப நேரத்துக்குத் தினமும் கூப்பிட்டாள். இங்கே சாமி படத்துக்கு முன்னால் போன் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும். அங்கே அவள் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பிற்பாதி சொல்வாள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அவள் காதலனிடம் பேசுகிறாள் என்று கேலி செய்வார்களாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மழைக்காலத்தில் திருவாரூர் போய்விட்டுத் திரும்பும்போது அந்த வீட்டுக்குப் போனேன். சகாயமேரிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அந்த மொசைக் தரை இன்னும் பளபளவென்று இருந்தது. நான் கேட்காமலே, "வருதுக்கா, அப்பறம் வான்னு சொன்னா போயிடுது" என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரம் வந்தது. போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மழையில் டவர் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தாள்.

முன்பாதி சொன்னாள். நிறுத்தினாள். வெளியே மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்தேன்.

அந்த முதல் நாளுக்குப் பிறகும் முகாம் முடிந்து வந்து எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அந்தப் பிற்பாதி தெரியும். என் சாமி கோபித்துக்கொள்ளாது என்றும் தெரியும். சொல்ல ஆரம்பித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாக்கா" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன்.